கெயினைத் தொடுவதற்கு முன்னால்: வீடியோ கேமராவில் ஐஎஸ்ஓ வைப்பது எப்படி

கல்யாண வீடியோவில் தாலி கட்டும் காட்சியை மட்டும் பார்த்தால் போதும், எடுத்தவருக்குக் கெயின், அதாவது வந்த வெளிச்சத்தைக் கேமரா பெருக்கிக் காட்டும் அளவு, பிடிபட்டிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். முகூர்த்தம் பல வீடுகளில் விடிவதற்கு முன்பே வந்துவிடும். வெளியே இருட்டு. மேடையில் சீரியல் செட், தலைக்கு மேல் டியூப்லைட், நடுவில் ஹோமப் புகை. மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, பெண் அரக்குப் பட்டு. கெட்டிமேளம் கேட்டதும் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து முன்னால் வந்து நிற்கும்.

நான் முதன்முதலில் கேமரா பிடித்தது இப்படி ஒரு முகூர்த்தத்தில்தான். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டிருந்தேன். வெள்ளைச் சட்டைக்காரர் யாராவது குறுக்கே போனால் படம் மங்கும், அவர் விலகியதும் மெல்ல வெளுக்கும். மறுபடி ஒருவர், மறுபடி மங்கல். பிற்பாடு டிவியில் போட்டுப் பார்த்த மாமா, “அன்னைக்கு மண்டபத்துல கரண்ட் போய்ப் போய் வந்துச்சாப்பா?” என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று தெரியாமல் போனதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கையில் இருப்பது மிரர்லெஸ் கேமராவோ, தோளில் வைக்கும் பழைய கேம்கார்டரோ, எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். மெனுவில் பெயர் மட்டும் மாறும்.

ஐஎஸ்ஓ வெளிச்சம் தராது

ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் கேமராவுக்குள் அதிக வெளிச்சம் வரும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வராது. உள்ளே எவ்வளவு வெளிச்சம் வர வேண்டும் என்பதை அப்பர்ச்சரும் (லென்ஸின் திறப்பு) ஷட்டரும் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம்) முன்பே முடிவு செய்துவிடுகின்றன. சென்சார் அதை மின்சாரமாக மாற்றுகிறது. அந்தச் சிறு மின்சாரத்தை எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டுவது என்பதுதான் கெயின். அதையே புகைப்படக்காரர்களுக்குப் பழகிய எண்ணில் சொன்னால் ஐஎஸ்ஓ.

திருவிழாவில் மைக்செட் போடுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். பேசுகிறவர் மைக்கை வாயருகே பிடித்துப் பேசினால் ஆம்ப்ளிஃபயர் குமிழைக் கொஞ்சம் திருகினாலே ஊர் முழுக்கக் கேட்கும். அவரே ஒரு முழம் தள்ளிப் பிடித்து முணுமுணுத்தால் குமிழை ஏற்றத்தான் வேண்டும். அப்போது பேச்சோடு சேர்ந்து ‘உஸ்’ என்ற இரைச்சலும் பெரிதாகும். இரைச்சலுக்குக் காரணம் குமிழ் இல்லை, மைக்குக்குப் பேச்சு போதாமல் போனது. வீடியோவில் வரும் கிரெய்ன்ஸும் இப்படித்தான். ஐஎஸ்ஓ 6400-ல் படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அந்தப் புள்ளிகளை 6400 என்ற எண் உண்டாக்கவில்லை. வெளிச்சம் குறைவாக வந்தது, அந்தக் குறை பெருக்கிக் காட்டப்படுகிறது.

வெளிச்சம் குறைந்தால் ஏன் புள்ளி வருகிறது? முற்றத்தில் வரிசையாக டம்ளர்களை வைத்துவிட்டுத் தூறலுக்காகக் காத்திருங்கள். இரண்டு நிமிடத்தில் ஒன்றில் மூன்று துளி, பக்கத்திலேயே இன்னொன்றில் ஏழு துளி. அடைமழையில் வைத்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு நிறையும். ஒளியும் துளித்துளியாகத்தான் வந்து விழுகிறது. ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 100 ஒளித்துகள் வந்தால் பிக்சலுக்குப் பிக்சல் பத்துப் பத்து கூடக் குறைய இருக்கும், அதாவது பத்து சதவீதம். 10,000 வந்தால் ஏற்ற இறக்கம் 100, வெறும் ஒரு சதவீதம். சென்சாரின் மின்சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சல் சேர்க்கிறது என்றாலும், பாதிக் கதை இந்தத் தூறல்தான்.

இதிலிருந்து ஒரு விஷயம் பிடிபட வேண்டும். கிரெய்ன்ஸுக்குப் பயந்து ஐஎஸ்ஓவை 400-ல் பூட்டி, படத்தை இருட்டாக எடுத்து, எடிட்டிங்கில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது வீண். எடிட்டிங்கில் ஏற்றுவதும் கெயின்தான், அதைவிட மோசமான கெயின். 8-பிட் பதிவில் ஒவ்வொரு நிறத்துக்கும் மொத்தமே 256 படிகள். இருட்டாக எடுத்தால் முகம் முழுவதும் அடியிலுள்ள சில படிகளுக்குள் நசுங்கிவிடும். அதை இழுத்து மேலே கொண்டுவந்தால் கன்னத்தில் வரைபடக் கோடுகள் போலப் பட்டை பட்டையாகத் தெரியும். போதாததற்கு கேமரா கோப்பைச் சுருக்கும்போது இருட்டுப் பகுதியின் நுணுக்கங்களைத்தான் முதலில் தூக்கி எறிகிறது. சரியான ஐஎஸ்ஓவில் எடுத்த 3200, இருட்டாக எடுத்து ஏற்றிய 400-ஐ அநேகமாக எப்போதும் தோற்கடித்துவிடும்.

டெசிபல் கணக்கு

கேம்கார்டரில் ஐஎஸ்ஓ இருக்காது, டெசிபல் இருக்கும். ஆறு டெசிபல் ஏற்றினால் ஐஎஸ்ஓ இரட்டிப்பாகிறது, அதாவது ஒரு ஸ்டாப். மூன்று டெசிபல் அரை ஸ்டாப். 0 டெசிபலில் உங்கள் கேமரா ஐஎஸ்ஓ 800-க்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 டெசிபல் 1600, 12 டெசிபல் 3200, 18 டெசிபல் 6400. ஒலித் துறையிலிருந்து வருகிறவர்கள் மட்டும் இங்கே சற்றுத் தடுமாறுவார்கள், ஏனென்றால் அங்கே திறன் இரட்டிப்பாவதற்கு மூன்று டெசிபல் என்று படித்திருப்பார்கள். இங்கே பெருகுவது வோல்டேஜ், அதனால் ஆறு.

பழைய கேம்கார்டர்களின் பக்கவாட்டில் எல், எம், எச் என்று மூன்று நிலைகளுள்ள சுவிட்ச் இருக்கும். எச் நிலையில் 18 டெசிபல் வைத்திருப்பது சகஜம். எந்த நிலைக்கு எவ்வளவு என்று மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு 0, 6, 12 போதும். கை தவறி எச்சுக்குத் தட்டிவிட்டாலும் படம் பிழைத்துக்கொள்ளும்.

சில கேமராக்களில் மைனஸ் 3 டெசிபல் இருக்கும், மிரர்லெஸ்ஸில் ‘லோ’ என்ற அடைமொழியோடு ஐஎஸ்ஓ 50 இருக்கும். படம் இன்னும் சுத்தமாக வரும்தான், ஆனால் வெள்ளைப் பகுதி முன்னதாகவே வெளுத்துப்போகும். மல்லிகைப்பூ ஒரு வெள்ளைத் திட்டாக மாறுவதை விரும்பாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஃபிலிம் காலத்தில் இந்தக் கவலையே கிடையாது, அதாவது வேறு கவலை. ரோலை மாட்டியதும் வேகம் முடிவாகிவிடும். அமெரிக்கர்களின் ஏஎஸ்ஏ, ஜெர்மானியர்களின் டின் என்று தனித்தனியாக இருந்த அளவுகள் 1974-ல் ஐஎஸ்ஓ என்ற ஒரே தரமாக இணைந்தன. 500 வேகமுள்ள ரோலை மாட்டிவிட்டு வெயிலுக்குப் போனால், லென்ஸுக்கு முன் ஃபில்டர் போடுவதைத் தவிர வழியில்லை. 400 அடி ரோல், 35 எம்எம்மில், நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடினால் நாலரை நிமிடம்கூட வராது. ஐஎஸ்ஓவை ஒரு சக்கரத்தைத் திருப்பி மாற்றுகிறோம் என்பதே பெரிய சுகம். அந்தச் சுகம்தான் நம்மைக் கெடுக்கவும் செய்கிறது.

கேமராவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்

முதல் வேலை, ஆட்டோவை அணைப்பது. மிரர்லெஸ்ஸில் மேலே உள்ள டயலை எம் நிலைக்குத் திருப்பினாலும் ஐஎஸ்ஓ தனியாக ஆட்டோவில் நிற்கக்கூடும். அதையும் போய்ப் பாருங்கள். திரையில் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஆட்டோ’ என்றோ ‘ஏ’ என்றோ ஒட்டியிருந்தால் இன்னும் அணையவில்லை என்று பொருள். கேம்கார்டரில் இதற்கு ஏஜிசி என்று பெயர். எல்லாவற்றையும் கேமரா பார்த்துக்கொள்ளும் ‘ஃபுல் ஆட்டோ’ பொத்தான் ஒன்று வெளியே இருந்தால் அதையும் அணையுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் ஆட்டோவை நானே பயன்படுத்துவேன். மாப்பிள்ளை அழைப்பு. தெருவிளக்கு, பேண்ட் வாத்தியக்காரர்களின் விளக்கு, பட்டாசு, அப்புறம் மண்டப வாசல், உள்ளே டியூப்லைட் என்று இரண்டு நிமிடத்தில் ஐந்து வெளிச்சம் மாறும். கையில் ஜிம்பல் (கேமரா ஆடாமல் பிடிக்கும் தாங்கி) வேறு. அங்கே ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு மேல் வரம்பு போட்டு விட்டுவிடுவேன். அந்த வரம்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பின்னால் வருகிறது.

இரண்டாவது, ஷட்டர். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) 25, ஷட்டர் (நொடியில்) 1/50 என்று வைத்து அதை மறந்துவிடுங்கள். அசைவும் இயல்பாக இருக்கும், டியூப்லைட்டும் துடிக்காது. 24 ஃப்ரேமில் எடுப்பேன் என்று அடம்பிடிப்பவர்களும் ஷட்டரை 1/50-லேயே வைக்கலாம். ஷட்டரைக் கோணமாகச் சொல்லும் ஆங்கிள் கணக்கில் அது 172.8 டிகிரி. இருட்டாக இருக்கிறதே என்று ஷட்டரை 1/25-க்கு இறக்காதீர்கள். ஒரு ஸ்டாப் வெளிச்சம் கிடைக்கும், ஆனால் அட்சதை தூவும் கைகள் எல்லாம் கோடு கோடாக இழுபடும்.

மலிவான எல்இடி சீரியல் செட்டுகள் 1/50-க்கும் அடங்காமல் துடிப்பதுண்டு. 1/100 வைத்துப் பாருங்கள். நின்றால் சரி, ஆனால் ஒரு ஸ்டாப் வெளிச்சம் போகும், அதை ஐஎஸ்ஓவில் ஈடுகட்ட வேண்டிவரும். கரண்ட் போய் ஜெனரேட்டரில் ஓடும்போது சிக்கல் இன்னும் வேடிக்கை. சுமை ஏறினால் ஜெனரேட்டரின் வேகம் இறங்கும், அப்போது 50 என்பது 50 ஆக இருக்காது, படத்தில் பட்டைகள் மெல்ல ஊரும். ஷட்டரைச் சிறு சிறு பின்னங்களாக நகர்த்தும் வசதி சில கேமராக்களில் உண்டு. சிங்க்ரோ ஸ்கேன், கிளியர் ஸ்கேன், வேரியபிள் ஷட்டர் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். பட்டை அசையாமல் நிற்கும்வரை அதைத் திருகுங்கள்.

மூன்றாவது, அப்பர்ச்சர். ஐஎஸ்ஓவை ஏற்றும் முன் இதைத் திறந்துவிட்டோமா என்று பாருங்கள். எஃப் 4-லிருந்து எஃப் 2.8-க்கு வந்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு, ஐஎஸ்ஓ 3200 இருந்த இடத்தில் 1600 போதும். ஆனால் எஃப் 1.8 லென்ஸ் இருக்கிறது என்பதற்காக எப்போதும் 1.8-லேயே எடுக்க வேண்டும் என்றில்லை. மாலை மாற்றும்போது பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னும் பின்னும் அசைவார்கள். ஒருவர் ஃபோகஸில் இருந்தால் மற்றவர் மங்குவார். கிரெய்ன்ஸ் இருந்தாலும் பார்ப்பார்கள். ஃபோகஸ் போன முகத்தை யாரும் மன்னிப்பதில்லை.

கேமராவோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லென்ஸ் வளையத்தில் 3.5–5.6 என்று எழுதியிருந்தால், ஜூம் செய்யச் செய்ய அப்பர்ச்சர் தானே சுருங்கும் என்று பொருள். முழு ஜூமில் ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் போய்விடும். அகலத்தில் சரியாக இருந்த படம் முகத்துக்கு ஜூம் செய்ததும் ஏன் இருட்டியது என்று விழிக்க வேண்டாம். ஜூம் செய்யும் இடத்தில் வைத்து எக்ஸ்போஷரைச் சரிபாருங்கள், அகலத்தில் 5.6-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாலாவது, விளக்கு. புதியவர்கள் தாண்டிப் போகிற படி இதுதான். ஐஎஸ்ஓ சக்கரம் விரல் நுனியில் இருக்கிறது, விளக்கை நகர்த்த எழுந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். உங்கள் எல்இடி விளக்குதான் முகத்துக்கு முக்கிய வெளிச்சம் என்றால், எட்டடியில் இருப்பதை நாலடிக்குக் கொண்டுவாருங்கள். வெளிச்சம் நாலு மடங்காகும். அதாவது இரண்டு ஸ்டாப், பன்னிரண்டு டெசிபல். ஐஎஸ்ஓ 3200-லிருந்து 800-க்கு இறங்கிவிடலாம், செலவு ஒரு பைசா இல்லை. அந்தக் காலத்து சன் கன் விளக்கை மூஞ்சிக்கு நேரே அடித்து எல்லாரையும் கண் கூச வைத்தார்கள். ஒரு வெள்ளைக் குடையோ டிஃப்யூஷன் துணியோ போட்டு, சற்றுப் பக்கவாட்டிலிருந்து காட்டினால் அந்தக் கொடுமை இருக்காது. விளக்கே இல்லையா? ஆளை ஜன்னலோரம் நகர்த்துங்கள். பேட்டி எடுக்கும்போது நாற்காலியை நாலடி தள்ளிப் போடச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் முகம் இருட்டாக இருந்தால், இப்போது ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். தயங்காமல் ஏற்றுங்கள்.

எவ்வளவு ஏற்றுவது? திரையை நம்பாதீர்கள்

இரவில் இருட்டு மண்டபத்தில் கேமராவின் சிறு திரை தகதகவென்று தெரியும். படம் அருமையாக வெளிச்சமாக இருக்கிறது என்று நினைத்து ஐஎஸ்ஓவைக் குறைப்பீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் அண்டர், அதாவது இருட்டு. வெயிலில் நேர்மாறு, திரை மங்கலாகத் தெரியும், நீங்கள் ஏற்றுவீர்கள், எல்லாம் ஓவர். கண் ஏமாறும், அளவுகோல் ஏமாறாது.

அளவுகோல் இரண்டு. ஜீப்ரா என்பது நீங்கள் சொல்லும் வெளிச்ச அளவைத் தொட்ட இடத்தில் வரிக்குதிரைக் கோடுகளைக் காட்டும். அதை 95-லோ 100-லோ வைத்தால் எங்கே வெளுக்கப்போகிறது என்று தெரியும். வேவ்ஃபார்ம் இருந்தால் இன்னும் நல்லது. படத்தின் இடமிருந்து வலமாக எந்த இடம் எவ்வளவு வெளிச்சம் என்று 0 முதல் 100 வரை கோடாக வரைந்துவிடும்.

முகத்துக்கு ஜீப்ராவை 70-ல் வை என்று பல கையேடுகளில் பார்ப்பீர்கள். அது வெளிர்த் தோலுக்கு ஏற்பட்ட எண். மாநிறத்து முகத்தை 70-க்கு ஏற்றினால் பவுடர் அப்பியது போல ஆகிவிடும், கறுத்த முகம் தன் நிறத்தையே இழந்துவிடும். சாதாரண பிக்சர் ஸ்டைலில் எடுக்கும்போது மாநிற முகத்தின் வெளிச்சமான பக்கத்தை 55-லிருந்து 60 வரை நிறுத்துவேன், இன்னும் கறுத்த முகம் என்றால் 45-லிருந்து 50. வெள்ளை வேட்டி 90-ஐ ஒட்டி நிற்கட்டும். வேட்டியையும் முகத்தையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியவில்லை என்றால் முகத்தைக் காப்பாற்றுங்கள். ஹோமத் தீயின் நடுப்பகுதி வெளுத்தால் வெளுக்கட்டும், தீ அப்படித்தான் இருக்கும்.

உங்கள் கேமராவின் வரம்பைக் கண்டுபிடிப்பது

இந்தக் கேமராவில் எவ்வளவு வரை போகலாம் அண்ணா என்றுதான் புதிதாக வரும் தம்பிகள் முதலில் கேட்பார்கள். நான் சொல்லும் எண் உங்களுக்கு உதவாது. ஒரு மாலை ஒதுக்கி நீங்களே பார்த்துவிடுங்கள்.

லென்ஸ் மூடியைப் போடுங்கள். 25 ஃப்ரேம், 1/50. மிகக் குறைந்த ஐஎஸ்ஓவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியிலும் பத்து நொடி பதிவு செய்யுங்கள். எண்ணை வாயால் சொல்லிக்கொண்டே எடுத்தால் பிறகு எது எது என்று குழம்பாது. கணினியில் போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பிரைட்னஸ் ஏற்றிப் பாருங்கள். கறுப்புத் திரையில் எறும்பு ஊர்வதுபோல இரைச்சல் தெரியும். எந்த எண்ணில் அது நிறமாகவும் திட்டாகவும் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாம்பல் புள்ளிகள் பரவாயில்லை. ஊதாவும் பச்சையுமாக ஊரும் திட்டுகள்தான் படத்தைக் கெடுக்கும்.

அடுத்து மூடியைக் கழற்றிவிட்டு, வீட்டில் யாரையாவது ஒரே ஒரு மஞ்சள் பல்புக்குக் கீழே உட்கார வையுங்கள். இப்போது ஐஎஸ்ஓவை ஒரு ஸ்டாப் ஏற்றும்போதெல்லாம் அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் மூடுங்கள். வெளிச்சம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். 400, 800, 1600, 3200, 6400 என்று போங்கள். இதையும் பெரிய டிவியில் பாருங்கள், ஃபோனில் வேண்டாம். ஃபோன் திரையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

மஞ்சள் பல்பு ஏன் என்றால், அந்த வெளிச்சத்தில் நீல ஒளி மிகக் குறைவு. ஒயிட் பேலன்ஸ் வெள்ளையைக் கொண்டுவர நீலத்தை மட்டும் தனியாகப் பெருக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் ஐஎஸ்ஓவைத் தொடாமலேயே நீலத்துக்கு மட்டும் கெயின் ஏறிவிட்டது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த முகம் பகல் வெளிச்சத்தில் அதே ஐஎஸ்ஓவில் எடுத்ததைவிட அதிகம் புள்ளியாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். அந்த மஞ்சளைக் கொஞ்சம் மிச்சம் வைத்தால் இரைச்சலும் குறையும், விளக்கொளியின் அழகும் போகாது.

சோதனையில் நீங்கள் ஒப்புக்கொள்ளும் கடைசி எண்தான் உங்கள் வரம்பு. ஒரு துண்டு டேப்பில் எழுதி கேமராவின் அடியில் ஒட்டிவிடுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு மேல் வரம்பு போட வேண்டிய எண்ணும் அதுதான்.

நடுவில் ஒரு பள்ளம்: இரட்டை பேஸ் ஐஎஸ்ஓ

மூடி போட்டுச் செய்யும் சோதனையில் சிலருக்கு ஒரு விசித்திரம் தட்டுப்படும். இரைச்சல் ஏறிக்கொண்டே வந்து, ஒரு எண்ணில் திடீரென்று குறையும். சோதனையில் தப்பு என்று நினைக்காதீர்கள். அந்த சென்சாரில் இரண்டு தனித்தனிப் பெருக்கிப் பாதைகள் இருக்கின்றன, நீங்கள் இரண்டாவதுக்குத் தாவிவிட்டீர்கள்.

2014-ல் வந்த பேனசோனிக் வேரிகேம் 35 இந்த ஏற்பாட்டை சினிமாக்காரர்களுக்குப் பழக்கியது. அதில் 800, 5000 என்று இரண்டு பேஸ், அதாவது ஒவ்வொரு பாதைக்கும் உரிய அடிப்படை ஐஎஸ்ஓ. பிறகு விலை குறைந்த கேமராக்களுக்கும் வந்தது. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே-யில் 400, 3200. அதில் 1000 வரை ஒரு பாதை, 1250-லிருந்து மற்றது. அதனால் 1000-ஐவிட 1250 சுத்தமாக இருக்கும். ‘எண் குறைந்தால் படம் சுத்தம்’ என்று பாடமாக வைத்திருப்பவர் இங்கே தவறான பக்கம் போய் நிற்பார். சோனி எஃப்எக்ஸ்3-ல் எஸ்-லாக்3 (பின்னால் நிறம் திருத்துவதற்காகத் தட்டையாகப் பதியும் லாக் முறை) எடுக்கும்போது 800, 12800. எஃப்எக்ஸ்30-ல் 800, 2500. எஃப்எக்ஸ்3 வைத்திருப்பவர் இருட்டில் 10000-ல் தவிப்பதைவிட 12800-க்குத் தாவி, வெளிச்சம் அதிகமானால் அப்பர்ச்சரை மூடுவது புத்திசாலித்தனம்.

உங்கள் கேமராவில் இரண்டு பேஸ் இருந்தால் டேப்பில் அந்த இரண்டு எண்களையும் சேர்த்து எழுதுங்கள்.

லாக் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. லாக்கில் மிகக் குறைந்த ஐஎஸ்ஓவே 640, 800 என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சென்சார் ஒன்றும் திடீரென்று மாறிவிடவில்லை. வெளிச்சப் பகுதியில் பல ஸ்டாப்களுக்கு இடம் ஒதுக்குவதற்காக நடுச் சாம்பலை, அதாவது நடுத்தர வெளிச்சத்தை, கீழே இறக்கி எழுதுகிறார்கள். எஸ்-லாக்3-ல் அது 41 சதவீதத்தில் உட்காரும். அதனால் மேலே சொன்ன முக எண்கள் லாக்கில் செல்லாது. இருட்டுப் பகுதி இரைச்சலோடு பதிவாவதால் பலர் லாக்கை ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சமாக எடுத்து, எடிட்டிங்கில் இறக்குவார்கள். 8-பிட் மட்டும் தரும் கேமராவில் இருட்டில் லாக் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

வெயிலில் எதிர்ப் பிரச்சினை

விடிந்து மண்டபத்துக்கு வெளியே ஜோடியை நிறுத்தி எடுக்கப்போகிறீர்கள். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்கு ஈடாக இருக்க வேண்டும் என்பது பழைய புகைப்படக்காரர்களின் கணக்கு. ஐஎஸ்ஓ 800 என்றால் 1/800. நமக்கு வேண்டியதோ 1/50, நாலு ஸ்டாப் மிகை. பின்னணி மங்கலாக வர எஃப் 4-க்குத் திறந்தால் இன்னும் நாலு. ஆக மொத்தம் எட்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தடுக்க வேண்டும். ஷட்டரை ஏற்றிச் சமாளித்தால் நடை வெடுக் வெடுக்கென்று இருக்கும். வழி என்டி ஃபில்டர்தான், நிறம் மாறாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. எண்களின் மொழி இது: 0.3 என்றால் ஒரு ஸ்டாப், 0.6 இரண்டு, 1.8 ஆறு, 2.4 எட்டு. இரண்டு முதல் ஐந்து ஸ்டாப் வரை திருகும் வேரியபிள் என்டி மட்டும் வாங்கினால் மத்தியான வெயிலுக்குப் போதாது, அதுவும் லாக்கில் 800-க்குக் கீழே இறங்க முடியாத கேமராவில். வாங்கும் முன் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் போடமாட்டார்.

ஃபோனில் எடுப்பவர்களுக்கும் இதே கணக்கு, ஆனால் பெரும்பாலான ஃபோன்களில் அப்பர்ச்சர் மாறாது. சென்சாரும் சிறியது, முற்றத்து டம்ளர்கள் சின்னவை. அதனால் விளக்கு இன்னும் முக்கியம். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியைப் போட்டால் ஷட்டர், ஐஎஸ்ஓ இரண்டையும் பூட்டி வைக்கலாம்.

எடுத்த பிறகு

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில காட்சிகள் வரம்பைத் தாண்டித்தான் வரும். கெட்டிமேளத்தின்போது கூட்டம் உங்கள் விளக்கை மறைத்துவிடும், 6400-ல் எடுத்தே தீர வேண்டும். எடுங்கள். அந்த நிமிடம் திரும்ப வராது, கிரெய்ன்ஸைக் கொஞ்சம் சரிசெய்யலாம்.

கேமராவுக்குள்ளேயே இருக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை முழு அளவில் வைக்காதீர்கள். முகம் மெழுகு பொம்மையாகும், பட்டுச் சேலையின் ஜரிகை நெளிவுகள் அழிந்துபோகும். குறைந்த அளவில் வைத்துவிட்டு மீதியை எடிட்டிங்கில் பாருங்கள். டாவின்சி ரிசால்வில் இந்த வசதி காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் உண்டு. அதில் டெம்பரல் என்பது முன்பின் ஃப்ரேம்களை ஒப்பிட்டுப் புள்ளிகளை நீக்கும், மணவறைபோல அசையாத பின்னணிக்கு அருமை. வேகமாக அசையும் கைகளில் அளவு கூடினால் பேய்ப் பிம்பம் விழும். நிறம் ஏற்றுவதற்கும் ஷார்ப்பன் செய்வதற்கும் முன்னால், முதல் வேலையாக இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் புள்ளிகளையும் சேர்த்துக் கூர்மையாக்கிவிட்டு அப்புறம் அழிக்கப் போராட வேண்டிவரும். அதுவும் தேவையான காட்சிகளுக்கு மட்டும் போடுங்கள். மூன்று மணி நேர வீடியோ முழுவதற்கும் போட்டால் சாதாரணக் கணினியில் ரெண்டர் ராத்திரி முழுக்க ஓடி மறுநாள் மத்தியானமும் முடியாது. பெண் வீட்டாரிடம் தேதி சொல்வதற்கு முன் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.